காமகுராவை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

#1 கடலோரவாசி

டோக்கியோ, யோகோஹாமா பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து பெற்றோரோ உறவினரோ வந்துவிட்டால், அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காமகுராவுக்கு அழைத்துவருவது எழுதப்படாத வழக்கமாகிவிட்டது. நானும் அப்படித்தான் முதன்முதலில் இங்கே வந்தேன். இப்போது ஏழு ஆண்டுகளாக இந்நகரத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள கொஷிகோயேயில் குடியிருக்கிறேன். விருந்தாளியாக இருந்தபோது கண்ணில் படாதவை பல, குடியிருக்கத் தொடங்கியபின் நாள்தோறும் கண்ணில் படுகின்றன. அவற்றைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

காமகுராவின் பரப்பளவு 40 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; மக்கள்தொகை ஏறக்குறைய 1,70,000. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் இங்கே வந்துசென்றவர்களின் எண்ணிக்கையோ ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி. டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணம்தான் என்பதால், வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அப்படி வருபவர்களும் நகரம் முழுவதும் பரவுவதில்லை. ஹச்சிமாங்கு ஆலயம், அதற்கு இட்டுச்செல்லும் கோமாச்சி கடைத்தெரு, பெரிய புத்தர், ஹசேதேரா கோயில், கடலோர ரயில்வே கேட் ஆகிய ஐந்து இடங்களிலேயே அவர்கள் ஏறத்தாழ எல்லோரும் குவிகிறார்கள்.

இந்த ஐந்தில் மூன்று இடங்களை இணைப்பது எனோடென் என்னும் சிறிய மின்ரயில். 1902இல் ஓடத் தொடங்கிய இப்பாதை 1910இல் காமகுராவை எட்டியது. 10 கிலோமீட்டர் நீளம், 15 நிலையங்கள், தொடக்கம் முதல் இறுதி வரை ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் ரயில்கள் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும் என்பதால், கூட்டம் மிகுந்தாலும் கூடுதல் ரயில்களை விட வழியில்லை. எங்கள் கொஷிகோயே நிலையத்தின் நடைமேடை மிகவும் குறுகியது. நான்கு பெட்டி ரயில் வந்து நின்றால் ஒரு பெட்டியின் கதவுகள் திறக்கப்படுவதேயில்லை. ஏறுவோர் இறங்குவோர் நெரிசலால் தாமதம் அன்றாடமாகிப்போகவே, நெடுங்காலமாக 12 நிமிடத்துக்கு ஒன்றாக ஓடிய ரயிலை 2023இல் 14 நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றினார்கள். அதாவது, கூட்டம் பெருகப் பெருக ரயில்களின் எண்ணிக்கை குறைந்தது. மருத்துவமனைக்குச் செல்லும் முதியவரும் பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் இதே ரயிலைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

வராதீர்கள் என்று எவரிடமும் சொல்லும் உரிமை எனக்கில்லை. நானே வந்து தங்கியவன். ஆனால் வருகிற முறையை நாம் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை இங்கே சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

#2 பயணப்பை

ஐயா, உங்கள் ஆதங்கத்தை மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பப் பணியில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வாரத்தில் ஓய்வு என்பது ஒரே ஒரு நாள். ஊரிலிருந்து வரும் பெற்றோர் மூன்று வாரம் தங்கினால், அதில் காமகுராவுக்கு ஒதுக்கக்கூடியது அந்த ஒரு ஞாயிறு மட்டுமே. வார நாளில் வாருங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது.

மேலும், நீங்கள் குறிப்பிட்ட அந்த ரயில்வே கேட்டைப் பார்க்காமல் திரும்ப என் மகன் ஒப்புக்கொள்ள மாட்டான். ஸ்லாம் டங்க் அசைபடத்தின் தொடக்கக் காட்சியில் வரும் இடம் அது என்பதும், 2022 டிசம்பரில் அதன் புதிய திரைப்படம் வந்தபின் ஆசியா முழுவதிலிருந்தும் இளைஞர்கள் அங்கே திரண்டு வருகிறார்கள் என்பதும் தெரிந்ததே. ஒரு நகரம் தன் அழகால் உலகை ஈர்த்துவிட்டு, வந்தவர்களைக் குற்ற உணர்வோடு நிற்கவைப்பது நியாயமா? சுற்றுலாப் பயணிகளின் பணத்தால் வாழும் கடைக்காரர்களும் இந்நகரத்தவரே அல்லவா?

#3 கடலோரவாசி

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, நண்பரே. அந்தக் கேட்டைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காமகுரா கோகோமாயே நிலையத்தை ஒட்டிய அந்த இடத்தை நான் வாரந்தோறும் கடக்கிறேன். அதன் பெயருக்கே "காமகுரா உயர்நிலைப் பள்ளியின் முன்" என்பதுதான் பொருள். மேட்டில் இருக்கும் அப்பள்ளியின் மாணவர்கள் இறங்கி வரும் சரிவான சாலை அது. ரயிலும் கடலும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்றால் சாலையின் நடுவில்தான் நிற்க வேண்டும். அதனால் கார்கள் வரும்போதும் ஆட்கள் சாலையிலேயே நிற்கிறார்கள். நகராட்சி காவலர்களை நிறுத்திப் பல மொழிகளில் அறிவிப்புகளை வைத்தும் நிலைமை முழுமையாகச் சீராகவில்லை. உங்கள் மகனை அழைத்து வாருங்கள். சாலைக்குள் இறங்காமல், ஓரத்திலிருந்து பார்த்தால் போதும் என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட எளிதில் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

#4 ஏட்டுச்சுவடி

இந்த நெரிசலுக்கான காரணத்தை 840 ஆண்டுகளுக்கு முன்னரே தேட வேண்டும் என்பது என் கருத்து. வடக்கு, கிழக்கு, மேற்கு ஆகிய மூன்று பக்கமும் குன்றுகள், தெற்கே சகாமி விரிகுடா என்று அமைந்த இந்த இடத்தை 1180இல் போர்க்குலத் தலைவர் மினமோதோ நோ யோரிதோமோ தன் தளமாகக் கொண்டதற்குக் காரணமே, உள்ளே நுழைவது கடினம் என்பதுதான். ஊருக்குள் வருவதற்கான வழிகளைக் குன்றின் பாறையைக் குடைந்து, இரண்டு பக்கமும் சுவர்போல் உயர்ந்து நிற்கும் குறுகலான வெட்டுப்பாதைகளாக அமைத்தார்கள். கிரிதோஷி எனப்படும் இப்பாதைகளில் ஏழு புகழ்பெற்றவை. குதிரை வீரர்கள் வரிசையாக ஒருவர்பின் ஒருவராகத்தான் வர முடியும் என்ற கணக்கில் அமைந்த நகரத்துக்குள் இன்று கார்களும் பேருந்துகளும் நுழைய முயல்கின்றன. எதிரியைத் தடுத்த அதே நில அமைப்பு இப்போது விருந்தினரையும் குடியிருப்பவரையும் சேர்த்தே தடுக்கிறது.

ஹச்சிமாங்குவிலிருந்து கடலை நோக்கி நேராக ஓடும் வகாமியா ஓஜி சாலையை 1182இல் யோரிதோமோ அமைத்தது, கருவுற்றிருந்த தன் மனைவி மசாகோவுக்கு நல்லபடியாகப் பிள்ளைப்பேறு அமைய வேண்டும் என்ற வேண்டுதலோடுதான் என்பார்கள். அதன் நடுவே உயர்த்தப்பட்ட தன்கசுரா என்னும் நடைபாதை ஆலயத்தை நெருங்க நெருங்க அகலம் குறைந்துகொண்டே போகும். அதனால் நடப்பவர் கண்ணுக்கு ஆலயம் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். கோமாச்சி தெருவின் நெரிசலில் நகர்ந்து செல்பவர்கள், ஒரே ஒரு வரிசை கட்டடங்களுக்கு அப்பால் இருக்கும் இந்தப் பாதையில் நடக்கத் தவறுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

1192இல் யோரிதோமோ, ஷோகன் எனப்படும் படைத்தலைமை ஆட்சியாளர் ஆனார். அவர் மறைந்தபின் மசாகோவின் பிறந்தகத்தாரான ஹோஜோ குலத்தவர் ஆட்சிக் காவலர்களாக அதிகாரத்தைக் கைக்கொண்டார்கள். மூன்றாம் ஷோகன் சனெதோமோ 1219இல் ஹச்சிமாங்குவின் படிக்கட்டருகே தன் அண்ணன் மகனாலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவன் மறைந்திருந்ததாகச் சொல்லப்படும் பெரிய கிங்கோ மரம் 2010 மார்ச் 10 அன்று விடியுமுன் வீசிய காற்றில் வேரோடு சாய்ந்தது. அதன் அடிமரத்தைப் பக்கத்தில் நட்டு, பழைய வேரிலிருந்து துளிர்த்த கன்றையும் வளர்த்து வருகிறார்கள்.

1333இல் எல்லாம் முடிந்தது. ஹோஜோ ஆட்சியை எதிர்த்து வந்த தளபதி நித்தா யோஷிசதாவின் படை குன்றுப் பாதைகளில் நுழைய முடியாமல் திணறி, இறுதியில் இனமுரகசாகி முனையைச் சுற்றிக் கடலோரமாக உள்ளே புகுந்தது. அவர் தன் வாளைக் கடல் தெய்வத்துக்குக் காணிக்கையாக எறிந்ததும் நீர் பின்வாங்கி வழிவிட்டது என்பது கதை. ஹோஜோ குலத்தின் தலைவர்கள் தோஷோஜி கோயிலில் தீயிட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தக் கோயில் இருந்த இடம் ஹச்சிமாங்குவிலிருந்து சிறிது நேரம் நடந்தால் வந்துவிடும் குடியிருப்புப் பகுதிக்குப் பின்னால் புல் மூடிக் கிடக்கிறது. நான் சென்றபோதெல்லாம் அங்கே வேறு எவரும் இருந்ததில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "சாமுராய்களின் இல்லம்" என்ற பெயரில் உலக மரபுச் சின்னமாகக் காமகுராவை முன்மொழிந்தபோது, ஆய்வு செய்த பன்னாட்டு வல்லுநர் குழு 2013இல் அதை ஏற்கப் பரிந்துரைக்கவில்லை. கோயில்களும் ஆலயங்களும் இருக்கின்றன. ஆனால் சாமுராய்கள் ஆண்ட நகரத்தின் மாளிகைகள், தெருக்கள் போன்ற கண்கூடான சான்றுகள் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். ஜப்பான் அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் ஃபூஜி மலை பட்டியலில் சேர்ந்தது. காமகுராவில் அரண்மனையும் கோட்டையும் நிற்கவில்லை என்பது உண்மைதான். குன்றுகளே கோட்டைச் சுவர்கள். அவற்றுக்குள் நடந்து பார்க்காதவருக்கு இந்நகரம் கடைத்தெருவும் ஒரு சிலையுமாக மட்டுமே தெரியும்.

#5 ஒஃபுனா மீனா

ஏட்டுச்சுவடி அண்ணா குறிப்பிட்ட அந்தக் குன்றுகள் இன்னும் பச்சையாக இருப்பது தானாக நடந்ததன்று என்பதை இங்கே பதிய விரும்புகிறேன்.

1889இல் யோகோசுகா கடற்படைத் தளத்துக்காக ரயில் பாதை போடப்பட்டது. போர்த் தேவைக்கு முன் புனிதம் நிற்கவில்லை. எங்காகுஜி கோயில் வளாகத்தையே ஊடறுத்துத் தண்டவாளம் போனது. இன்றும் கித்தா காமகுரா நிலையத்திலிருந்து அக்கோயிலுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குச் சொந்தமான குளத்துக்கும் வாயிலுக்கும் நடுவே ரயில் ஓடுவதைக் காணலாம். அந்த ரயில்தான் காமகுராவை டோக்கியோவின் புறநகராக்கியது. முதலில் செல்வந்தர்களின் கடற்கரை இல்லங்கள் வந்தன, பிறகு எழுத்தாளர்கள் வந்தார்கள். நோபல் பரிசு பெற்ற கவபாட்டா யாசுனாரி ஹசே பகுதியில்தான் வாழ்ந்தார். போரின் இறுதி மாதங்களில், 1945இல், அவரும் இங்கிருந்த பிற எழுத்தாளர்களும் தம் சொந்த நூல்களைத் திரட்டி வாடகைக்குக் கொடுக்கும் நூலகம் ஒன்றை நடத்தினார்கள். புத்தகம் அச்சாவதே அரிதாகிவிட்ட காலத்தில் அவர்கள் அதைச் செய்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

அந்த மரபுதான் 1964இல் ஊரைக் காத்தது. டோக்கியோ ஒலிம்பிக் நடந்த அந்த ஆண்டில் எங்கு பார்த்தாலும் வீட்டுமனைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஹச்சிமாங்குவுக்கு நேர் பின்னால் உள்ள ஓயாட்சு குன்றையும் வெட்டி வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. ஆலயத்தின் பின்னணியில் மரங்களுக்குப் பதிலாகக் கூரைகள் தெரியப்போகின்றன என்று உணர்ந்த குடியிருப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். எழுத்தாளர் ஓசராகி ஜிரோவும் மற்றவர்களும் முன்னின்று, அவ்வாண்டு டிசம்பரில் காமகுராவின் இயற்கையையும் மரபையும் காக்கும் அமைப்பைத் தொடங்கினார்கள். பிரிட்டனில் பொதுமக்களே பணம் திரட்டி நிலத்தை வாங்கிப் பாதுகாக்கும் முறையை ஓசராகி எழுத்து மூலம் அறிமுகப்படுத்தியிருந்தார். அதே வழியில் அக்குன்றில் ஏறக்குறைய 1.5 ஹெக்டேர் நிலத்தை 1966இல் வாங்கிவிட்டார்கள். ஜப்பானில் இவ்வகை முயற்சிகளுக்கு இதுவே முன்னோடி. அதே 1966இல் நாடாளுமன்றம் பழந்தலைநகரங்களைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. கியோட்டோ, நாரா ஆகியவற்றோடு காமகுராவும் அதன்கீழ் வந்தது.

ஆகவே "நகரம் தன் அழகால் ஈர்க்கிறது" என்று பயணப்பை எழுதியதற்கு ஒரு சிறு திருத்தம் சொல்வேன். அந்த அழகுக்கு விலை கொடுத்தவர்கள் இங்கே குடியிருந்தவர்கள். தம் வீட்டருகே மேலும் ஒரு வீடு எழாமலிருக்கத் தம் பணத்தைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று தம் ஊர் ரயிலில் ஏற முடியாமல் வரிசையில் நிற்கிறார்கள். எனோடெனின் காமகுரா நிலையத்தில் கோல்டன் வீக் விடுமுறையின்போது, பாதையோரம் வசிப்பவர்களுக்குச் சான்றிதழ் வழங்கி, வரிசையில் நிற்காமல் உள்ளே விடும் முறையைச் சோதித்தார்கள். அதை வெளியூராருக்கு எதிரான பாகுபாடு என்று சிலர் சொன்னபோது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது.

#6 மூங்கில்காடு

நான் இரண்டு ஆண்டுகள் மாணவராக இருந்தபோது கோமாச்சி தெருவில் ஒரு தின்பண்டக் கடையில் பகுதிநேர வேலை செய்தேன். கடைகளின் பக்கமிருந்து ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தெருவில் விற்பவை பெரும்பாலும் கையில் பிடித்துத் தின்னக்கூடியவை. வாங்கியவர் நிற்க இடமில்லை, உட்காரப் பலகையில்லை, குப்பைத்தொட்டியும் அநேகமாக இல்லை. நடந்துகொண்டே தின்கிறார்கள், பிறர் உடையில் சாறு படுகிறது, குச்சியும் காகிதமும் யாரோ ஒருவர் வீட்டு வேலியோரம் விழுகின்றன. 2019 ஏப்ரலில் நகராட்சி கொண்டுவந்த நன்னடத்தை விதி, நெரிசலான இடத்தில் நடந்துகொண்டே தின்பதைப் பிறருக்குத் தொல்லை தரும் செயல்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. தண்டம் ஏதும் இல்லை, அறிவுறுத்தல் மட்டுமே. அந்த விதி வந்தபோது எங்கள் தெருவில் அச்சம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் என் முதலாளியம்மா கடைமுன் இருந்த தட்டு அடுக்கை உள்ளே நகர்த்தி, நான்கு பேர் நின்று தின்ன இடம் செய்தார். விற்பனை குறையவில்லை. நின்று தின்பவர்கள் இன்னொன்று வாங்கினார்கள். குப்பையை எங்களிடமே கொடுத்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள்.

அங்கே நான் கவனித்த இன்னொன்று: ஒரு நாளில் ஐந்து இடங்களையும் முடித்துவிட வேண்டும் என்ற ஓட்டத்தில் இருப்பவர்கள் எங்களிடமும் சரியாக எதையும் வாங்குவதில்லை. கடைக்காரருக்கு நிதானமாக வருபவரே நல்ல வாடிக்கையாளர்.

#7 வடமராட்சியான்

பெரிய புத்தரைப் பற்றி ஒருவரும் எழுதாததால் எழுதுகிறேன். கோதோகுஇன் கோயிலில் உள்ள அந்த அமித புத்தரின் வெண்கலச் சிலையை வார்க்கத் தொடங்கியது 1252இல். உயரம் 11.3 மீட்டர், எடை 121 டன். முதலில் அதன்மேல் பெரிய மண்டபம் இருந்தது. 1498இல் வந்த கடற்கோள் அதை அடித்துச் சென்றது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆனால் 1486இல் வந்து பார்த்த ஒரு துறவியின் குறிப்பிலேயே சிலை கூரையின்றி இருந்ததாக உள்ளது. எப்படியாயினும் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக மழையிலும் வெயிலிலும் அமர்ந்திருக்கிறார். மண்டபத்தைத் தாங்கிய தூண்களின் அடிக்கற்கள் சுற்றிலும் கிடக்கின்றன. மக்கள் அவற்றின்மேல் அமர்ந்து இளைப்பாறுகிறார்கள்.

அந்த வளாகத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில் இலங்கையின் பேராளராகப் பேசிய ஜே. ஆர். ஜெயவர்த்தனா, ஜப்பானிடம் இழப்பீடு கோருவதில்லை என்று அறிவித்து, பகை பகையால் தணிவதில்லை, பகையின்மையாலேயே தணியும் என்னும் தம்மபதத்தின் மொழியை எடுத்துரைத்தார். அதற்கான நன்றியாக ஜப்பானியர்கள் 1991இல் அந்தக் கல்லை நிறுவினார்கள்.

1983 ஜூலையில், அவர் நாட்டின் தலைவராக இருந்தபோது, எங்கள் குடும்பம் கொழும்பில் வீட்டை இழந்தது. நான் அப்போது சிறுவன். பல ஆண்டுகளுக்குப் பிறகு காமகுராவுக்கு ஓர் அலுவலகச் சுற்றுலாவில் வந்தவன், குழுவினர் படமெடுத்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக அந்தப் பெயரைக் கல்லில் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பேருந்து புறப்படும் என்றார்கள். அந்தக் கல்லின் முன் எனக்கு என்னென்ன தோன்றின என்பதை முழுமையாக உணரக்கூட அந்தப் பத்து நிமிடம் போதவில்லை. அடுத்த மாதம் விடுப்பு எடுத்துத் தனியே வந்தேன். காலை எட்டு மணிக்குக் கோயில் திறந்தபோது உள்ளே நுழைந்து, ஒரு தூண்கல்லின்மேல் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அந்த மொழி சொன்னவருக்கு உரியதா, சொல்லப்பட்டவருக்கு உரியதா, அன்றி அதை நம்பி ஏமாந்தவருக்கும் உரியதா என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. அது இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த வழக்கை நடத்த எனக்கு அந்தக் காலை வேளையும் அந்த அமைதியும் தேவைப்பட்டன.

ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். பார்த்துவிடலாம், எனக்கு அது போதவில்லை.

#8 ஒஃபுனா மீனா

இதைப் பகிர்ந்ததற்கு நன்றி, அண்ணா. பல முறை சென்றிருந்தும் நான் அந்தக் கல்லை நின்று படித்ததில்லை. அடுத்த முறை படிப்பேன்.

#9 தாம்பரத்துப் பெண்

வணக்கம். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். வரும் மாதம் என் பெற்றோரைத் தாம்பரத்திலிருந்து அழைத்துவருகிறேன். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. அம்மாவுக்கு முழங்கால் வலி. படிகள் ஏறுவது கடினம். இருவரும் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். செவ்வாய்க்கிழமை ஒன்றை ஒதுக்கியிருக்கிறேன். குன்றுப் பாதைகளில் நடக்கச் சொல்கிறீர்கள். அம்மாவால் அது இயலாது. அவர்களுக்கு இந்நகரத்தை எப்படிக் காட்டுவது என்று சொல்ல முடியுமா?

#10 கடலோரவாசி

மகிழ்ச்சியோடு சொல்கிறேன், அம்மா. செவ்வாய் மிக நல்ல தேர்வு. ஐந்து இடங்களையும் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

காலை எட்டரைக்குள் காமகுரா நிலையத்தில் இறங்கி, கடைகள் திறக்குமுன் தன்கசுரா வழியாக ஹச்சிமாங்குவுக்கு மெல்ல நடந்து செல்லுங்கள். நுழைந்ததும் பாலத்தின் இருபுறமும் குளங்கள் உள்ளன. கிழக்கில் வெற்றி பெற்ற மினமோதோ குலத்தின் குளத்தில் மூன்று தீவுகள். மேற்கில் தோற்ற தைரா குலத்தின் குளத்தில் நான்கு. ஜப்பானிய மொழியில் மூன்றைக் குறிக்கும் ஒலி பிறப்பையும், நான்கைக் குறிக்கும் ஒலி இறப்பையும் நினைவூட்டும் என்பதால் மசாகோ அப்படி அமைக்கச் செய்தார் என்பது வழக்கு. மேலே உள்ள முதன்மை ஆலயத்துக்கு 61 கற்படிகள் ஏற வேண்டும். உங்கள் அம்மா கீழே உள்ள நடன மண்டபத்தோடு நின்றுகொள்ளலாம். அங்கிருந்து பார்த்தாலே ஆலயமும், அதன் பின்னால் மீனா குறிப்பிட்ட காப்பாற்றப்பட்ட குன்றும் சேர்ந்து தெரியும்.

அங்கிருந்து கிழக்கே செல்லும் பேருந்தில் ஏறி ஜோம்யோஜி நிறுத்தத்தில் இறங்கினால், சற்று தூரத்தில் ஹோகோகுஜி கோயிலின் மூங்கில் தோப்பு. ஏற்றம் மிகக் குறைவு. பகல் உணவுக்குக் கென்சின்ஜிரு என்னும் காய்கறிக் குழம்பைத் தேடலாம். முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு வகை, டோஃபு ஆகியவற்றை எண்ணெயில் வதக்கிக் கொதிக்கவைப்பது. 1253இல் நிறுவப்பட்ட கென்ச்சோஜி மடத்தில் பிறந்ததால் அதற்கு அந்தப் பெயர் என்பார்கள். மடத்து முறையில் அது முழுச் சைவம். ஆனால் உணவகங்களில் மீன் சேர்த்த சாற்றைப் பயன்படுத்துவதுண்டு. ஆகவே "கட்சுவோ தாஷி இல்லாமல் கிடைக்குமா" என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பிற்பகலில் பெரிய புத்தர். நிலையத்திலிருந்து அங்கும் பேருந்து உண்டு. எனோடெனில் ஹசே வரை செல்வதைவிட அம்மாவுக்கு அது எளிது. வளாகம் சமதரை. வடமராட்சியான் குறிப்பிட்ட கல்லையும் பாருங்கள். ஹசேதேராவில் படிகள் அதிகம் என்பதால் விட்டுவிடலாம். மாலையில் சைமோகுசா கடற்கரைக்கு ஒரு டாக்ஸி பிடித்துச் செல்லுங்கள். நீர் வற்றும் நேரமாக இருந்தால், 1232இல் கட்டப்பட்ட வகாயே துறைமுகத்தின் கற்குவியல் கடலுக்குள் வரிசையாக வெளிப்படும். ஜப்பானில் இன்றும் எச்சம் காணக்கூடிய செயற்கைத் துறைமுகங்களில் மிகப் பழையது அதுவே. சீனத்துப் பீங்கான் ஏற்றிவந்த கப்பல்கள் இங்கே வந்ததால், பச்சை நிறப் பீங்கான் சில்லுகள் இன்றும் அக்கடற்கரையில் கிடைப்பதுண்டு.

ஒரு வேண்டுகோள். மின்கம்பங்களில் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் எழுதப்பட்டிருக்கும், அதைக் கவனியுங்கள். 1923 பெரும் நிலநடுக்கத்தில் இக்கடற்கரையைக் கடற்கோள் தாக்கியது. தரை நெடுநேரம் அதிர்ந்தால் படமெடுக்க நிற்காமல் மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும்.

#11 பயணப்பை

என் முதல் பதிவில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. கருத்து வேறுபாடு முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. காரில் வருவோரிடம் கட்டணம் பெறும் திட்டத்தை நகராட்சி பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருவதாகப் படித்திருக்கிறேன். கட்டணம் என்றால் அது வசதியுள்ளவரைத் தடுக்காது, வசதியில்லாதவரையே தடுக்கும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கும் என்றாலும், அந்த ஞாயிற்றில் எங்கே இறங்குவது என்பது என் கையில்தான் இருக்கிறது. இம்முறை மகனோடு கித்தா காமகுராவில் இறங்கி, கமெகயாட்சு வெட்டுப்பாதை வழியாக நடந்து ஊருக்குள் வருவதாகத் திட்டம். அந்த ரயில்வே கேட்டுக்கு மாலையில் போவோம். ஓரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். சரி என்றான்.

#12 ஏட்டுச்சுவடி

நல்ல தேர்வு. மழைக்கு மறுநாள் என்றால் ஒட்டும் அடிப்பாகமுள்ள காலணி அணியுங்கள், பாதை வழுக்கும். 2019 செப்டம்பர் புயலில் குன்றுகளில் எண்ணற்ற மரங்கள் விழுந்து நடைபாதைகள் பல நெடுங்காலம் மூடிக் கிடந்தன. எனவே, எந்தக் குன்றுப் பாதையானாலும் புறப்படுமுன் நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. வழியில் பாறையைக் குடைந்த சதுர அறைகள் தெரிந்தால் அவை யகுரா எனப்படும் நடுக்காலக் கல்லறைகள். சமதளம் குறைவான ஊரில் இறந்தவர்களுக்குப் பாறைக்குள் இடம் தேடினார்கள் என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவன் பல கேள்விகள் கேட்பான்.

#13 தாம்பரத்துப் பெண்

சென்ற செவ்வாய் போய்வந்தோம். எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஹச்சிமாங்குவில் அப்பா மட்டும் 61 படிகளையும் ஏறினார். நானும் அம்மாவும் கீழே நின்றோம். இறங்கி வந்தவர், மேலிருந்து பார்த்தால் சாலை கடல் வரைக்கும் நேர்கோடாகப் போகிறது என்று மூன்று முறை சொன்னார். மூங்கில் தோப்பில் நாங்கள் போனபோது பத்துப் பேர்கூட இல்லை. கென்சின்ஜிரு மீன்சாறு இல்லாமல் இரண்டாவது கேட்ட கடையில் கிடைத்தது. அம்மா அதை நம் ஊர்ப் பொரிச்ச குழம்போடு ஒப்பிட்டு, இதில் தேங்காய் இருந்திருக்கலாம் என்றார்.

புத்தரிடம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டரை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக இருந்தார்கள். அவர்கள் கிளம்பும்வரை காத்திருப்போம் என்று அப்பா சொல்லவே, தூண்கல்லின்மேல் அமர்ந்தோம். அரை மணி நேரத்தில் வளாகம் ஓய்ந்தது. வடமராட்சியான் எழுதியதை அப்பாவிடம் கைபேசியில் படித்துக்காட்டினேன். அவர் எழுந்து போய் அந்தக் கல்லின் முன் கைகட்டி நின்றார். திரும்பி வந்தபின் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கடற்கரைக்குப் போக நேரமில்லாமல் போயிற்று. அம்மா, துறைமுகத்தை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், அதற்கு முன் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துவிடுகிறேன் என்றார்.